ஆயில் இருக்கிறது, ப்ரஷர் இல்லை: டீசல் காரின் சிவப்பு விளக்கைப் புரிந்துகொள்வது எப்படி?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும்போது, மீட்டர் போர்டில் மூக்கில் ஒரு சொட்டோடு சிவப்பு எண்ணெய்க் குடுவை மினுக்கினால், நம்மில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "ஆயில் கம்மியாயிருக்கும், சாயங்காலம் ஒரு லிட்டர் ஊத்திக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறோம். இல்லையென்றால் கண்ணில் படும் முதல் ஷெட்டில் வண்டியை விடுகிறோம். அங்கே "இன்ஜின் இறக்கணும் சார்" என்ற பதில் வந்து வயிற்றைக் கலக்குகிறது. முதல் வழி எஞ்சினுக்கு ஆபத்து, இரண்டாவது பல நேரங்களில் பர்ஸுக்கு ஆபத்து. நான் சொல்ல வருவது நடுவில் இருக்கும் வழி. வண்டியை உடனே நிறுத்த வேண்டும், ஆனால் ப்ரஷரை அளந்து பார்க்காமல் எதையும் பிரிக்க விடக் கூடாது.

முதலில் அந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம். எஞ்சினில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. ஆயில் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்பதைத்தான் சொல்கிறது. நம்ம வடசென்னை வீடுகளில் தரைக்கடியில் சம்ப் என்ற தண்ணீர்த் தொட்டி இருக்கும். மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும் மாடிக்கு ஏறவில்லை என்றால் மோட்டார் பழுதாகியிருக்கலாம், ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கலாம், குழாய் நடுவில் எங்காவது உடைந்திருக்கலாம். எஞ்சினிலும் கதை ஏறக்குறைய இதுதான். அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பிலிருந்து ஒரு வலை வழியாக ஆயில் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. அந்த வலையைத்தான் ஸ்ட்ரெய்னர் என்கிறோம். பம்ப்பிலிருந்து ஆயில் ஃபில்டர் வழியாகப் போய், எஞ்சின் உடம்புக்குள் துளைத்திருக்கும் பாதைகள் மூலம் க்ராங்க் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், கேம்ஷாஃப்ட், டர்போ எல்லாவற்றையும் நனைத்துவிட்டு மறுபடி சம்ப்புக்கே இறங்குகிறது.

இதில் புதியவர்கள் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. பம்ப் ஆயிலைத் தள்ள மட்டுமே செய்கிறது. அந்த ஓட்டத்துக்கு எதிரே இருக்கும் தடைதான் ப்ரஷரை உண்டாக்குகிறது. பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான க்ராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பொதுவாக 0.03 முதல் 0.06 மில்லிமீட்டர். அந்தச் சந்தில் ஆயில் நெருக்கிக்கொண்டு நுழைவதால்தான் அழுத்தம் வருகிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதானாலோ, ஆயில் நீர்த்துப்போனாலோ, பம்ப் நன்றாகவே வேலை செய்தாலும் ப்ரஷர் விழும். ஆகவே ஆயில் ப்ரஷர் குறைவதற்கு பம்ப்தான் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம்.

இந்த ப்ரஷர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? க்ராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் நேராக உட்கார்ந்து சுழல்வதில்லை, சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. படலம் போய்விட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். டீசல் எஞ்சினில் கம்ப்ரெஷன் விகிதம் பெரும்பாலும் 16-க்கு 1, 18-க்கு 1 என்ற அளவில் இருக்கும். பெட்ரோலைவிட ஒவ்வொரு அடியும் பலமாக விழுவதால் பேரிங் சீக்கிரம் போகும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இன்னும் பாவம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் அதன் தண்டு முழுக்க முழுக்க ஆயிலை நம்பித்தான் இருக்கிறது. ப்ரஷர் இல்லாமல் வண்டியை வீடுவரை ஓட்டிப் போகலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் ஒன்றுதான்: தெரு முனைவரைகூட வேண்டாம்.

விளக்கு எரிந்த அந்த நிமிடம்

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி முழுதாக நின்ற பிறகுதான் எஞ்சினை அணைக்க வேண்டும். ஓடும்போதே அணைத்தால் ஸ்டியரிங் இறுகும், பிரேக் கல்லாகிவிடும், சாவியை முழுசாகத் திருப்பினால் ஸ்டியரிங் லாக்கும் விழுந்துவிடலாம். மணலி பக்கமோ எண்ணூர் பக்கமோ என்றால், பின்னால் வருவது காரல்ல, இருபது அடி, நாற்பது அடிப் பெட்டி ஏற்றிய டிரெய்லர். ஹசார்டு விளக்கைப் போட்டு முக்கோணப் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, ஆட்களை இறக்கி ஓரமாக நிற்க வையுங்கள்.

நிறம் முக்கியம். சிவப்பு என்றால் ப்ரஷர், பேச்சே இல்லை. மஞ்சள் நிறத்தில் ஆயில் குடுவையோ, அதன் கீழ் அலைபோல ஒரு கோடோ வந்தால் அது பெரும்பாலும் ஆயில் அளவு பற்றியதோ, ஆயில் மாற்றும் நேரம் பற்றியதோ ஆக இருக்கும். அதற்கு உடனே நடுரோட்டில் நிறுத்த வேண்டியதில்லை, அன்றைக்கே கவனித்தால் போதும். உங்கள் காரில் எது எது என்று ஓனர் மேனுவலில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம் கழித்து பானெட்டைத் திறந்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். துடைத்து, திரும்ப முழுசாக உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர் வித்தியாசம். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை என்றால் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது. அப்புறம் குனிந்து காருக்கு அடியில் பாருங்கள். ஆயில் சொட்டுகிறதா, சம்ப்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா?

அளவு குறைந்திருந்து, ஒழுக்கும் இல்லை என்றால் எஞ்சினில் இருக்கும் அதே கிரேடு (கெட்டித்தன்மை) ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு மூன்று வினாடிக்குள் விளக்கு அணைந்து, சத்தமும் இயல்பாக இருந்தால் மெதுவாக மெக்கானிக்கிடம் போகலாம். அணையவில்லை என்றாலோ, அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தாலோ மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுவதே சரி. அந்தச் செலவு சில ஆயிரங்களில் முடியும், க்ராங்க் போனால் அப்படி முடியாது.

டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். டீசலில் ஆயில் மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே புகைக்கரி கலந்து கறுத்துவிடும். கவலைப்பட வேண்டியவை வேறு. அளவு மேல்கோட்டையும் தாண்டியிருந்து டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது. வெளிறிய பழுப்பு நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியை ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. மழை விட்டதும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்கும் வீரர்களுக்கும் இது பொருந்தும்.

எப்போது எரிகிறது என்பதில்தான் பாதி விடை

மெக்கானிக்கிடம் போகும்போது "ஆயில் லைட்டு எரியுதுண்ணா" என்று மட்டும் சொன்னால் அவரும் குத்துமதிப்பாகத்தான் தொடங்குவார். எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எஞ்சின் சூடாக இருந்தபோதா ஆறியிருந்தபோதா என்று சொன்னால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

அதிகம் பார்ப்பது இந்த வகை: காலையில் எடுக்கும்போது ஒன்றும் இல்லை. பெரம்பூரிலிருந்து பாரிமுனையை நோக்கி நெரிசலில் வந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறி, பேசின் பிரிட்ஜ் சிக்னலில் ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் மட்டும் ஓடியபடி, நிற்கும்போது விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்துவிடுகிறது. சூட்டில் ஆயில் நீர்க்கும், ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுழலும், இரண்டும் சேரும் இடத்தில்தான் ப்ரஷர் மிகவும் கீழே இருக்கும். எனவே ஆயில் நீர்த்துப்போனது, தவறான கிரேடு, தேய்ந்த பேரிங், தேய்ந்த பம்ப் என எல்லாமே முதலில் இங்கேதான் தலைகாட்டும். சுவிட்ச் கெட்டுப்போனாலும் இதே மாதிரி மினுக்கும் என்பதுதான் வம்பு.

திருப்பத்தில், சடன் பிரேக்கில், மூலக்கடை மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது மட்டும் ஒரு வினாடி எரிந்து அணைந்தால் ஆயில் அளவு குறைவு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கி, ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது.

இதற்கு நேர்மாறான வகை ஆபத்தானது. ஐட்லிங்கில் ஒன்றுமில்லை, மீஞ்சூர் – வண்டலூர் வெளிவட்டச் சாலையில் வேகம் பிடித்ததும் விளக்கு வருகிறது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பம்புக்கு நிறைய ஆயில் வேண்டும், ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தால் அவ்வளவு கிடைக்காது. சம்ப் அடிபட்டு உள்ளே குழிந்து ஸ்ட்ரெய்னரின் வாயை மூடினாலும் இதுவே நடக்கும். கனரக வண்டிகள் உழுதுபோட்ட நம் சாலைகளில் சம்ப் அடிபடுவது அதிசயமில்லை. ஆயில் ஒழுகவில்லையே என்று அந்த அடியை மறந்துவிடுகிறோம்.

தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நாலைந்து வினாடி எரிந்து, கடகடவென்று சத்தம் வந்து, பிறகு அடங்கிவிட்டால் ஃபில்டரைப் பாருங்கள். நல்ல ஃபில்டரில், எஞ்சின் அணைந்த பிறகும் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். மலிவான டூப்ளிகேட் ஃபில்டரில் அது சும்மா பெயருக்குத்தான். ஆயில் சர்வீஸ் முடிந்த மறுநாளே விளக்கு வந்தாலும் சந்தேகம் அந்த சர்வீஸ் மேல்தான் விழ வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கலாம், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட் இறுகாமல் இருக்கலாம், வேறு கிரேடு ஆயில் போயிருக்கலாம்.

1.3 லிட்டர் ஃபியட் டீசல் எஞ்சின் வந்த ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த எஞ்சினில் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் ப்ரஷரில்தான் வேலை செய்கிறது. ப்ரஷர் தளர்ந்தால் செயினும் தளர்ந்து, காலையில் முன்பக்கம் கிலுகிலுவென்று ஒரு சத்தம் கேட்கும். விளக்கு எரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடலாம். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஆனால் கால் டாக்ஸியாக ஓடிக் களைத்து, இப்போது யாரோ ஒருவரின் முதல் காராக இருக்கும் டிசையர்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன.

கேஜ் போட்டுப் பார்

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகு எஞ்சின்களில் ஆயில் ப்ரஷருக்கென்று முள் வைத்த மீட்டர் இருப்பது வழக்கம். முள் வழக்கமான இடத்திலிருந்து இறங்க ஆரம்பிக்கும்போதே படகு ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். நம் காரில் அந்த வசதி இல்லை. எரிகிறது அல்லது எரியவில்லை, இரண்டே நிலை. ப்ரஷர் கிட்டத்தட்ட 0.3 முதல் 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே விழுந்தால்தான் சாதாரண ஆயில் சுவிட்ச் விளக்கை எரிய வைக்கும். அதாவது விளக்கு வரும்போது நிலைமை ஏற்கனவே மோசமாகிவிட்டது. அதே சமயம் அந்த சுவிட்ச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் சாதாரணப் பொருள், அதுவே பொய் சொல்லவும் செய்யும்.

பொய்யா நிஜமா என்று பார்ப்பது கடினமில்லை. முதலில் சுவிட்ச்சின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஊறியிருந்தால் சுவிட்ச்சின் உள்சவ்வு கிழிந்துவிட்டது, மாற்றிவிடலாம். ஒற்றை வயர் வரும் பழைய மாடல் கார்களில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் விளக்கு எரிய வேண்டும், வயரைக் கழற்றினால் அணைய வேண்டும். கழற்றிய பிறகும் எரிந்தால் அந்த வயர் எங்கோ உரசித் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. நம்ம ஏரியாவில் எலி கடித்த வயர்கள் எத்தனை என்று எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால் தெரியும். புது மாடல்களில் சுவிட்ச்சுக்குப் பதில் சென்சார் இருக்கும், விளக்கை எப்போது எரிய வைப்பது என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அவற்றில் வயரைத் தொட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம், ஸ்கேனர் போடுவதுதான் முறை.

வயரும் கனெக்டரும் நன்றாக இருந்தால் அடுத்தது கேஜ். சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு அதே மரையில் மெக்கானிக்கல் கேஜின், அதாவது முள் வைத்த ப்ரஷர் மீட்டரின், ஹோஸைப் பொருத்த வேண்டும். பொருத்தமான அடாப்டர் இருந்தால் பெரும்பாலான கார்களில் அரை மணி நேர வேலைகூட இல்லை. முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு ரீடிங். அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் ஓடும் அளவுக்குச் சூடேற விட்டு ஐட்லிங்கில் ஒன்று, 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்றில்) ஒன்று. சரியான அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கம்பெனியின் வொர்க்‌ஷாப் மேனுவல் சொல்வதே இறுதி. பொத்தாம்பொதுவாகச் சொன்னால், சூடான ஐட்லிங்கில் ஒரு பாரை ஒட்டியும், 2000-ல் இரண்டு பாருக்கு மேலும், ஆறியிருக்கும்போது நாலைந்து பார்வரையும் காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. கேஜ் பிஎஸ்ஐயில் இருந்தால் ஒரு பார் என்பது ஏறக்குறைய 14.5.

இப்போது முள்ளைப் படியுங்கள். கேஜ் நல்ல அளவைக் காட்டிக்கொண்டிருக்க விளக்கு மட்டும் எரிந்தால் சுவிட்ச்சை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆறியிருக்கும்போது நன்றாக இருந்து சூடேற ஏற விழுந்துகொண்டே வந்தால் ஆயில் நீர்த்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆறியிருந்தாலும் சூடாக இருந்தாலும் குறைவாகவே காட்டி, ஆர்பிஎம் ஏற்றினாலும் முள் ஏற மறுத்தால் ஸ்ட்ரெய்னர், பம்ப், ரிலீஃப் வால்வு மூன்றில் ஒன்று. ரிலீஃப் வால்வு என்பது ப்ரஷர் எல்லை மீறினால் திறந்து ஆயிலை சம்ப்புக்கே திருப்பிவிடும் ஸ்பிரிங் வால்வு. அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் பம்ப் தள்ளுவதெல்லாம் பாதியிலேயே திரும்பிவிடும். முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது: ஆயில் அளவு குறைவு, அல்லது ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது. அந்த ஓ-ரிங்கின் விலை ஒரு டீ, பிஸ்கட் செலவுதான். அதை மாற்ற சம்ப்பை இறக்கும் கூலிதான் கூடுதல்.

கேஜ் போடாமல் "பம்ப் போயிடுச்சு" என்றோ "ஃபுல் ஒர்க் பண்ணணும்" என்றோ சொன்னால், "கேஜ் ரீடிங் எவ்ளோ வந்துச்சுண்ணா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று வண்டித் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த ஊர் இது, அளந்து பார்த்துப் பேசத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஷெட்டில் கேஜ் இல்லை என்றால் வேறு ஷெட் பாருங்கள்.

டீசலுக்கே உரிய தொல்லைகள்

2020 ஏப்ரல் முதல் நாட்டில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது நிறையும்போது எஞ்சின் கூடுதல் டீசலைப் பாய்ச்சி வெளியேறும் புகையின் சூட்டை சுமார் 600 டிகிரிக்கு ஏற்றிக் கரியை எரிக்கிறது. ரீஜெனரேஷன் என்பது இதுதான். பல எஞ்சின்களில் இந்தக் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே பாய்ச்சப்படுவதால், அதில் கொஞ்சம் சுவரோரமாக வழிந்து சம்ப்புக்கு இறங்கிவிடும். வண்டி நீண்ட தூரம் ஓடினால் அதில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். தண்டையார்பேட்டையிலிருந்து சௌகார்பேட்டைக்கு, அங்கிருந்து ராயபுரத்துக்கு என்று நாலைந்து கிலோமீட்டரிலேயே வண்டி சுற்றினால் ரீஜெனரேஷன் ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், டீசல் ஆயிலில் சேர்ந்துகொண்டே போகும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும், ஆயில் நீர்க்கும், சூடான ஐட்லிங்கில் விளக்கு மினுக்கும். ஆயில் கூடுவதைப் பார்த்து "பரவாயில்லையே, ஆயிலே குடிக்கல" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு! இப்படிச் சுற்றும் வண்டிக்கு வாரம் ஒருமுறை வெளிவட்டச் சாலையில் இருபது நிமிடம் தொடர்ந்த ஓட்டம் கொடுங்கள், ஆயிலையும் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

பழைய டீசல்களின் நோய் வேறு, கசடு. ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போடப் போட, கரியும் சூட்டில் கெட்ட ஆயிலும் சேர்ந்து தார் போல ஸ்ட்ரெய்னர் வலையில் படியும். டீசலைப் பாய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் சரியாக உட்காராமல் எரிந்த வாயு மேலே கசிந்தாலும் கரி ஆயிலில் சேரும். இன்ஜெக்டர் ஓரத்தில் கறுப்பாக இறுகிய படிவு தெரிந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். கசடு பிடித்த எஞ்சினில் ஃப்ளஷ் என்ற கழுவும் திரவத்தை ஊற்றி ஒரேயடியாகச் சுத்தம் செய்கிறேன் என்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. பெயர்ந்து வரும் கசடு நேராக ஸ்ட்ரெய்னரில்தான் போய் அடைக்கும். சம்ப்பை இறக்கி, வலையைக் கழற்றிக் கையால் கழுவுவதே பாதுகாப்பு.

பழுது பார்க்கும் வரிசையும் இங்கேயே வந்துவிடுகிறது. கேஜ் குறைவாகக் காட்டினால் முதலில் சரியான கிரேடு ஆயிலும் ஒரிஜினல் ஃபில்டரும் போட்டு மறுபடி அளக்க வேண்டும். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுவென்று வெள்ளி அல்லது செம்பு நிறத் துகள் தெரிந்தால் பேரிங் தேய்கிறது. காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்பதால் நிம்மதி அடையக் கூடாது, பேரிங்கின் மேல்பூச்சு உலோகம் காந்தத்தில் ஒட்டாது. துகள் இல்லை, ப்ரஷரும் ஏறவில்லை என்றால் அடுத்து சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னர், ஓ-ரிங், பம்ப், ரிலீஃப் வால்வு. இவை எல்லாம் நன்றாக இருந்தால்தான் பேரிங் கேப்பைக் கழற்ற வேண்டும். எஞ்சினை இறக்கும் பேச்சு அதற்கும் பிறகு. பம்ப் மாற்ற வேண்டி வந்தால் புதிதாகவே வாங்குங்கள். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவோ பம்பரோ பழையது வாங்கலாம், ஆயில் பம்ப் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆயிலின் கிரேடு பற்றியும் சொல்லிவிட வேண்டும். 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று டப்பாவில் போட்டிருப்பதில் பின்னால் வரும் எண் சூடான எஞ்சினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் குறிக்கிறது. 100 டிகிரி சூட்டில் 40 என்பது 30-ஐவிடக் கெட்டி. சுமோ, இண்டிகா காலத்து எஞ்சின்களுக்கு 15டபிள்யூ-40 சரி. டிபிஎஃப் உள்ள காரில் அதையே ஊற்றினால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதற்கென்று சாம்பல் குறைந்த ஆயில் தனியாக இருக்கிறது. 1969-லேயே மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்துவிட்ட ஊரில், ஆயிலுக்கு மூலமான பேஸ் ஆயிலே அங்கே தயாராகும் ஊரில், டூப்ளிகேட் டப்பாவை நம்பி எஞ்சினைக் கெடுத்துக்கொள்வது கொஞ்சம் வேதனைதான். சீல், பேட்ச் எண் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

கெட்டியான ஆயிலுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, ஏமாற்றுவது. பேரிங் தேய்ந்து ஐட்லிங்கில் விளக்கு மினுக்கும் காரில் 20டபிள்யூ-50 ஊற்றினால் கொஞ்ச நாளைக்கு மினுக்கல் நின்றுவிடும். அந்தக் கொஞ்ச நாளுக்குள் வண்டி கை மாறிவிடும். இன்னும் துணிந்தவர்கள் விளக்கின் வயரையே வேறு விளக்கோடு இணைத்துவிடுவார்கள். பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் சிவப்புக் குடுவை மற்ற விளக்குகளோடு சேர்ந்து எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் மற்றவற்றோடு சேர்ந்து அணையாமல் தனக்கென்று ஓரிரு வினாடி எடுத்துக்கொண்டு அணைகிறதா என்று கவனியுங்கள். வேறொரு விளக்கு அணையும் அதே நொடியில் எப்போதும் அதுவும் அணைந்தால் சந்தேகப்படலாம். பிறகு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, ஏசியைப் போட்டு, ஐட்லிங்கில் ஐந்து நிமிடம் விடுங்கள். விற்பவர் சம்மதித்தால் கேஜையும் போட்டுப் பார்த்துவிடலாம். சம்மதிக்காவிட்டால் விலை பேசுவதற்கு முன் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.